கருவாட்டில் பொய், குளிசையில் உண்மை

போன வாரம், என்னிடம் தாதி வேலை பழகிய உங்களில் ஒருத்தி எனக்கு போன் எடுத்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன், மற்றவர்கள் கேலி செய்வீர்கள். "மிஸ், ஒரு ஆள் பொய் சொல்றாரா உண்மை சொல்றாரான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் கிளினிக்கின் கூச்சல் கேட்டது. யாரோ ஒருவர் தன் நம்பரை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓய்வு பெற்ற எனக்கும் பழைய தாதி உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடி வரலாம் போலிருந்தது.

அவளுக்கு நான் சொன்ன பதில்: "எனக்குத் தெரியாது மகள்." உண்மையாகவே தெரியாது. சிறுநீரக நோயாளர்களோடு இத்தனை காலம் இருந்தும் அந்த வித்தை எனக்கு வாய்க்கவில்லை. தெரியாமலே சரியான முடிவுக்கு வருவது எப்படி என்று மட்டும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதைப் போனில் சொல்ல முடியாது என்பதால், யோகராஜின் கதையை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

யோகராஜிடமும் அவர் மனைவி செல்வியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மாத்தாம போடுங்க மிஸ், நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்" என்றார் அவர். மாற்றித்தான் போட்டிருக்கிறேன். அதுவும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து லொறி ஓட்டியவர் யோகராஜ். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி எங்களிடம் டயலிசிஸுக்கு வரத் தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மெஷினில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதை சொல்லி ஆஸ்பத்திரி வாட்டு முழுவதையும் சிரிக்க வைக்கிற ஆள். பிரேக் பிடிக்காத லொறியைத் தேயிலைச் செடிகளில் உரசி உரசியே நிறுத்தினாராம். தோட்டத்துத் தொரை ஓடிவந்து தன் கோட்டைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டாராம். கேட்டால் "அந்தக் கோட்டு இப்ப எங்கன்னு கேக்காதீங்க மிஸ், கரப்பான் தின்னுருச்சு" என்பார். அவர் சொல்வதில் பாதியை நாங்கள் நம்புவோம். எந்தப் பாதி என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

உப்பு விஷயத்தில் அவரோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருநாள் கையைத் தலையில் வைத்துச் சத்தியம் செய்தார். "கருவாட்டக் கண்ணால பாத்தே ரொம்ப நாளாச்சு மிஸ்." சத்தியம் முடிவதற்குள் கட்டிலுக்குக் கீழே இருந்த பையிலிருந்து வாசம் வந்தது. குனிந்து பையை எடுத்தேன். பத்திரிகைத் தாளில் சுற்றிய கருவாடு.

"அது என்னுது இல்ல மிஸ். பக்கத்துக் கட்டில்காரரோடது."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் கோயில் ஐயர்.

இந்தக் கருவாட்டை மறந்துவிடாதீர்கள். பிறகு அவருக்கு வந்த வினையெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

மாற்றுச் சிறுநீரகம் கொடுக்க முதலில் முன்வந்தவர் அவருடைய அண்ணன். இருவரும் ஒரே முகம், ஒரே நடை, மூக்கைச் சொறிகிற விதம்கூட ஒன்று. வாட்டில் எல்லாரும் முடிவே செய்துவிட்டார்கள். ஆனால் திசுப் பொருத்தம் பார்த்த ரிப்போட் வந்தபோது இருவருக்கும் இடையில் எதுவுமே பொருந்தவில்லை. அண்ணன் உடைந்துபோனார். "மிஸ், நாங்க ஒரே அம்மாவுக்குப் பொறந்தவங்க. யாரும் வேற மாதிரி பேசிறக் கூடாது" என்று தழுதழுத்தார்.

இந்த இடத்தில் நீங்கள் அவசரப்பட்டு அடுத்த ஆளைக் கூப்பிடக் கூடாது. உட்கார வைத்து விளக்க வேண்டும். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: "'இது நான்'னு உடம்பு சொல்லிக்கிற அடையாளம் உங்க உடம்போட ஒவ்வொரு துளியிலும் இருக்கு. அது கட்டுக் கட்டாத்தான் வரும். அம்மாக்கிட்ட ரெண்டு கட்டு, அப்பாக்கிட்ட ரெண்டு கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணு கொடுப்பாங்க. தம்பிக்கு ஒரு கட்டு போச்சு, உங்களுக்கு மத்தது வந்துச்சு. அம்மாவும் அப்பாவும் ரெண்டு பேருமே அப்படிக் கொடுத்துட்டாங்க. அவ்வளவுதான். மூக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." பொருத்தம் இல்லாவிட்டாலும் மாற்ற முடியாது என்றில்லை, மருந்தின் தயவு கூடுதலாக வேண்டும் என்றும் சொன்னேன். ஆனால் அண்ணனுக்கு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, தொடங்கியிருந்ததும் சேர்ந்து தெரியவந்ததால், அவர் விலக வேண்டியதாயிற்று.

அப்போதுதான் செல்வி தன் கையை நீட்டினாள். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிரில் நிற்பவர் ஓரடி பின்வாங்குவார். "எங்கிட்ட ஏன் யாரும் கேக்கல?" என்றாள்.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டிக்காரர், கடுமையான உழைப்பாளி, முகத்தில் எப்போதும் ஒரு அவசரம். "இவருக்கு நீங்கள் இரத்த உறவோ?" என்று செல்வியிடம் கேட்டார். "இல்லங்க, பொஞ்சாதி" என்றாள். உறவில்லாதவர் என்று எழுதிக்கொண்டு இரத்தம் எடுத்தார். ரிப்போட் வந்ததும் என்னிடம் ஓடிவந்தார்.

"சிஸ்டர், இரத்தம் எங்கயோ மாறிப்போச்சு. புருசனுக்கும் மனுசிக்கும் சரி பாதி பொருந்தியிருக்கு. தமையனுக்கே ஒண்டும் பொருந்தேல்லை!"

நான் செல்வியைக் கூப்பிட்டேன்.

"இவரு உனக்கு என்ன முறை?"

"மச்சான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் மச்சான்தான் மிஸ். எங்க அத்த மகன்."

டொக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அட கடவுளே! சொந்த மச்சானும் மச்சாளுமோ! எங்கட ஊரிலயும் இதுதானே நடக்கிறது. எனக்கு ஏன் மூளைக்குப் பிடிபடேல்லை?" செல்வியின் அப்பாவும் யோகராஜின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அந்த வீட்டிலிருந்து இறங்கி வந்த ஒரே கட்டு இருவருக்கும் கிடைத்திருந்தது. எல்லா மச்சான் மச்சாளுக்கும் அப்படிக் கிடைத்துவிடாது, இவர்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். மறுபடி இரத்தம் எடுத்து அனுப்பியும் அதே பதில்தான் வந்தது.

பிள்ளைகளே, படிவத்தில் உள்ள கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். நம் சனத்திடம் இரத்த உறவா என்று கேட்டால் புருஷனை யாரும் சேர்க்க மாட்டார்கள். என்ன முறை என்று கேளுங்கள். முழுக் குடும்பமும் கண்முன்னே வந்து நிற்கும்.

சத்திரசிகிச்சை வேறு ஊரில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது. செல்வியின் சிறுநீரகம் யோகராஜின் உடம்பில் மேசையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று சொன்னார்கள். இருவரும் தேறி வந்ததும் மாதாந்தக் கவனிப்புக்கு எங்களிடமே அனுப்பினார்கள். யோகராஜ் மறுபடி லொறியில் ஏறினார், செல்வி கொழுந்துக்குப் போனாள். வாட்டுக்கு வந்த யோகராஜ், "இப்ப எனக்குள்ளயும் இவதான் மிஸ், வெளியிலயும் இவதான். தப்பிக்க வழியே இல்ல" என்றார். செல்வி முறைத்தாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகுதான் அவர் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு போதாமல் வரத் தொடங்கியது.

டாக்ரோலிமஸ் குளிசை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அந்நியச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் பார்த்துக்கொள்கிற காவல் அது. இரத்தத்தில் குறைந்தால் உடம்பு தாக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். யோகராஜுக்கு அளவு குறைவாகவே வந்தது. டொக்டர் கொஞ்சம் கூட்டினார். அப்படியும் குறைவு. இன்னும் கொஞ்சம் கூட்டினார். அசையவில்லை. பிறகு ஒரு கிளினிக் நாளில், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. ஸ்கேனில் குழாய் அடைப்பு எதுவும் தெரியவில்லை.

பெரிய டொக்டர் அன்று கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். இளைய டொக்டர் அறைக்கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"சிஸ்டர், இவர் குளிசை போடுறேல்லை. கருவாட்டுக் கதை எனக்கும் தெரியும். ஏசி அனுப்புவம். ஒழுங்காப் போட்டுட்டு அடுத்த கிழமை வரட்டும்."

"அந்த ஒரு வாரத்துக்குள்ள கிட்னி போயிருச்சுன்னா?"

"அப்ப மருந்தை இரட்டிப்பாக்குவம்."

"அவர் போடாம இருந்து, இன்னைக்கு நீங்க ஏசினதுக்குப் பயந்து இரட்டிப்பையும் ஒழுங்கா போட்டாருன்னா? அந்த மருந்தே கிட்னியக் கெடுத்துருமே."

அவர் பேனையை மேசையில் போட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது நடக்காத விஷயமுமில்லை. இப்படிச் சிறுநீரகத்தை இழந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு வழியும் ஒரே கேள்வியில் போய் முட்டி நின்றன: யோகராஜ் சொல்வது உண்மையா?

யோகராஜை உள்ளே கூப்பிட்டோம். கூடவே செல்வியும் வந்தாள். குற்றம் சாட்டாமல் கேட்க வேண்டும் என்பதற்காக நான் இப்படிக் கேட்டேன்: "எல்லாருக்கும் சில நேரம் குளிசை தவறும். உங்களுக்கு எந்த நேரம் தவறும்?"

"லொறி பிந்துனா சில நாளு கொஞ்சம் பிந்தும் மிஸ். தவறாது."

வயிற்றோட்டம் இருந்ததா, நாட்டு மருந்து ஏதாவது குடிக்கிறாரா, வேறு இடத்தில் மருந்து எடுத்தாரா என்றெல்லாம் கேட்டேன். எதுவுமில்லை. டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப குளிசை எங்க போகுது அண்ணை? இரத்தத்தில இல்லையே" என்றார்.

அந்த வார்த்தை செல்வியின் காதில் விழுந்த விதத்தை நான் பார்த்தேன். காலைக் குளிசை நேரத்தில் அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். மாலையில் அடுப்படியில் நிற்பாள். அவர் விழுங்குவதை அவள் கண்ணால் கண்டதில்லை. காலியான குளிசை அட்டையைத்தான் கண்டிருக்கிறாள்.

"என் ஒடம்புல இருந்து அறுத்துக் குடுத்தது" என்றாள், குரலை உயர்த்தாமல். "வேணாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்."

யோகராஜ் வாயைத் திறந்தார். ஐயரின் தலையில் கருவாட்டைக் கட்டிய மனிதருக்கு அன்று ஒரு பதில்கூடக் கிடைக்கவில்லை. செல்வி எழுந்து போனாள். நேரே லுணுகலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அவருடைய அந்த மௌனத்தைப் பார்த்து எனக்கு அவரை நம்பத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அப்படித் தோன்றியதை நான் நம்பவில்லை. மௌனம் உண்மைக்கும் வரும், பொய் பிடிபட்டதற்கும் வரும். ஒருவரின் முகத்தைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்கிற அளவுக்கு எனக்கும் கெட்டித்தனம் இல்லை, வேறு யாருக்கும் இல்லை. அவரை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம் என்கிற ஒரு வழிதான் தேவைப்பட்டது.

பெரிய டொக்டருக்குப் போன் எடுத்தேன். சிங்கள அம்மா, எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். கூட்டத்திலிருந்து வெளியே வந்து பேசினார்.

"சிஸ்டர் என்ன நினைக்கிறீங்க? போடுறாரா, இல்லையா?"

"தெரியாது டொக்டர். வாட்டில வச்சு நம்ம கையால குடுப்போம். பிறகு இரத்தம் சொல்லட்டும்."

"கட்டில் இருக்கா?"

"இல்ல."

"அப்போ?"

"இருக்கும் டொக்டர்."

அன்று வீட்டுக்குப் போக இருந்த ஒரு தாத்தா, டிக்கட் வெட்டி, அதாவது வீட்டுக்குப் போகும் சீட்டு எழுதி, முடியும்வரை கட்டிலை விடமாட்டேன் என்று படுத்திருந்தார். அவருக்குத் தேத்தண்ணியும் பணிஸும் வாங்கிக்கொடுத்து, வாசல் பெஞ்சில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். கட்டில் கிடைத்தது. கிரியேட்டினின் இன்னும் ஏறினால் உடனே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துண்டெடுத்துப் பார்க்கவும் பெரிய டொக்டர் ஏற்பாடு செய்து வைத்தார்.

குளிசையைத் தாதிகளே கொடுத்தார்கள். விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் யோகராஜ் அவமானத்தில் சுருங்கிப்போனார். எனக்கே பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அடுத்த நாள் பழைய ஆள் கொஞ்சம் திரும்பி வந்தார். கண்ணை உருட்டி, காளியம்மன் போல நாக்கைத் தொங்கப் போட்டுக் காட்டினார். "நல்லாப் பாத்துக்குங்க மிஸ், அடியில ஒரு லொறியே ஒளிச்சு வச்சிருக்கேன்." வாட்டு சிரித்தது. இரவில் மட்டும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பதாகத் தாதிகள் சொன்னார்கள்.

சில நாள் நாங்களே கொடுத்த குளிசைக்குப் பிறகு எடுத்த இரத்தத்தின் ரிப்போட் வந்தது. அளவு குறைவு. முன்பு இருந்த அதே குறைவு.

கெட்ட ரிப்போட்டைப் பார்த்து என் வாழ்நாளில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். மனிதர் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்! இளைய டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து, யோகராஜின் கட்டிலுக்குப் போய், விளிம்பில் உட்கார்ந்தார்.

"அண்ணை, நான் பிழையா நினைச்சிட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

யோகராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. "பரவால்ல டொக்டர். கருவாட்டு விஷயத்துல நீங்க நெனச்சது சரிதானே. ரெண்டுக்கும் சரியாப் போச்சு."

இனிப் பயமில்லாமல் மருந்தைக் கூட்டலாம். பெரிய டொக்டர் வந்து நன்றாகவே கூட்டினார். அளவு வர வேண்டிய இடத்துக்கு வந்தது. கிரியேட்டினின் நின்று, மெதுவாக இறங்கியது. ஊசி போட வேண்டிய தேவையே வரவில்லை. சில பேருக்கு இந்த மருந்தை வேகமாக உடைத்து வெளியேற்றுகிற தன்மை மரபணுவிலேயே இருக்கும். குடலும் ஈரலும் அந்த வேலையைச் செய்யும். அதற்கான பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினோம். முடிவு வர நாளாயிற்று. வந்தபோது அதையேதான் சொன்னது.

என்னிடம் கேட்டவளுக்கு என் பதில் இதுதான். ஒரு ஆள் கருவாட்டுக்குப் பொய் சொல்வார், குளிசைக்குச் சொல்ல மாட்டார். இன்னொருவர் நேர்மாறாக இருப்பார். ஆளை எடைபோட்டு மருந்தை எடைபோடாதே. ஒரே நிறை, ஒரே வயது, ஒரே குளிசை போடும் இரண்டு பேரின் இரத்தம் ஒரே பதிலைச் சொல்லாது. நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவருடைய அம்மா அப்பா கொடுத்த உடம்போடுதான் வந்திருக்கிறார். சந்தேகம் வந்தால், சந்தேகம் தீருகிற வழியைத் தேடு. அதற்கு ஒரு கட்டில் வேண்டுமானால் கட்டிலையும் தேடு.

அந்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே செல்விக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "வாரேன் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெரிய டொக்டரின் அறையில் யோகராஜுக்கு அருகில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரிய டொக்டர் பொறுமையாக விளக்கினார். "மருந்தை இவர் வீசவில்லை. இவருடைய உடம்பு அதை சீக்கிரம் முடிக்குது. இது பிறக்கும்போதே வந்தது. அம்மாவிடமிருந்து, அல்லது அப்பாவிடமிருந்து."

செல்வி நிமிர்ந்தாள். "அம்மான்னா எங்க அத்த. அப்போ எங்க அப்பா வழியில இருந்துகூட வந்திருக்கலாம். எங்கிட்டயும் இருக்குமா?"

"இருக்கலாம்."

"அப்ப நான் குடுத்த கிட்னிதான் மருந்தைத் தின்னுதா?"

"இல்லை, இல்லை" என்று டொக்டர் சிரித்தார். "அது பெரும்பாலும் இவருடைய குடல், இவருடைய ஈரல் செய்யும் வேலை. உங்க கிட்னி நல்ல பிள்ளை."

செல்வி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "இது ரத்தத்துல வாரதுன்னா, எங்க மகளுக்கும் வந்திருக்குமா?"

"வந்திருக்கலாம். ஆனா இது நோய் இல்லை. இந்த மருந்து தேவைப்பட்டால் மட்டும்தான் தெரியும். தேவைப்படாமலே வாழ்ந்திடுவாங்க."

"அப்பிடியே இருக்கட்டும். ஆனா எழுதிக் குடுங்க டொக்டரம்மா."

"என்ன எழுத?"

"நாளைக்கு அவளுக்கு என்ன வருமோ தெரியாது. எந்த ஆஸ்பத்திரியிலயாச்சும், நீ மருந்து குடிக்கல, பொய் சொல்றேன்னு அவள யாரும் சொல்லிறக் கூடாது." குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் இவர சொன்ன மாதிரி."

யோகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை மெதுவாக நகர்ந்து அவளுடைய கதிரையின் கைப்பிடியில் போய் நின்றது. அவள் தட்டிவிடவில்லை.

பெரிய டொக்டர் ஒரு தாள் எடுத்து ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே தமிழில் எழுதும்படி என்னிடம் நீட்டினார். நான் எழுதி முடிக்கிற நேரம் யோகராஜ் தொண்டையைச் செருமினார்.

"டொக்டரம்மா, அப்பிடியே கடைசியில, யோகராஜ் எந்தக் காலத்துலயும் பொய் சொல்லாத ஆளுன்னும் ஒரு வரி போட்டு விட்டீங்கன்னா..."

டொக்டர் பேனையை மூடினார். "அதுக்கு என்னிடம் ரிப்போட் இல்லையே."

முதலில் சிரித்தது செல்விதான். விலாவில் தையல் இருந்த இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போதும் மச்சான், வலிக்குது, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.